ரேடியேட்டர் தலையில் ஒரு சிறு கணினி

சூடான நீரைக் குழாய்களில் ஓடவிட்டு வீட்டைக் கதகதப்பாக வைக்கும் முறையில், ஒவ்வோர் அறையிலும் வெப்பத்தை வெளிவிடும் உலோகப் பலகையான ரேடியேட்டரில் ஓரமாகக் கைக்கு அடக்கமான ஒரு குமிழ் பொருத்தப்பட்டிருக்கும். அதில் 1 முதல் 5 வரை எண்களும் ஒரு பனித்துகள் படமும் பொறிக்கப்பட்டிருக்கும். பலர் இதைத் தண்ணீர்க் குழாயின் திருகைப் போலவே கையாள்கிறார்கள். குளிர்ந்தால் 5க்கு ஏற்றுகிறார்கள், புழுங்கினால் 1க்கு இறக்குகிறார்கள். ஆனால் அந்த எண்கள் அறை எவ்வளவு வேகமாகச் சூடாக வேண்டும் என்பதைக் குறிப்பவை அல்ல, எந்த வெப்பநிலையில் வந்து நிற்க வேண்டும் என்பதைக் குறிப்பவை. 3 என்பது ஏறத்தாழ 20 டிகிரி செல்சியஸ். ஓர் எண்ணைக் கூட்டினால் மூன்று நான்கு டிகிரி கூடும். பனித்துகள் என்பது குழாய் நீர் உறையாமல் காப்பதற்கான ஏழெட்டு டிகிரி. குளிர்ந்து கிடக்கும் அறையில் குமிழை 3இல் வைத்தாலும் 5இல் வைத்தாலும், தொடக்கத்தில் சூடேறும் வேகம் ஏறக்குறைய ஒன்றுதான். நேரமும் தேவையும் பார்த்துத் தானே இயங்கும் ஸ்மார்ட் வால்வு என்ற மின்னணுக் கருவி மாற்றுவது இந்தக் குமிழை மட்டுமே என்பதால், இதன் உள்ளே நடப்பதை முதலில் பார்த்துவிடுவது நல்லது.

குமிழுக்குள் மெழுகோ திரவமோ அடைத்த ஒரு சிறு குப்பி இருக்கிறது. அறைக் காற்று சூடாகும்போது உள்ளிருக்கும் பொருள் விரிந்து, வால்வின் நடுவிலுள்ள ஓர் ஊசியை உள்ளே தள்ளுகிறது. ஊசி அழுந்த அழுந்த நீர் செல்லும் துளை குறுகுகிறது. காற்று குளிர்ந்தால் அந்தப் பொருள் சுருங்க, ஊசியை ஒரு சுருள்வில் மீண்டும் வெளியே தள்ளித் துளையைத் திறக்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த மேட்ஸ் கிளாசன் 1943இல் கண்டறிந்த இந்த அமைப்புக்கு மின்சாரம் தேவையில்லை. வெப்பத்தை உணர்வதும் வால்வை அசைப்பதும் ஒரே உறுப்புதான். இவ்வளவு எளிமையான ஒரு தானியங்கி, எண்பது ஆண்டுகள் கடந்தும் பெரிதாக மாறாமல் நீடிப்பதில் வியப்பில்லை. அதன் குறை வேறிடத்தில் இருக்கிறது. நள்ளிரவா நண்பகலா, அறையில் ஆள் இருக்கிறாரா இல்லையா என்பது மெழுகுக்குத் தெரியாது. யாரும் இல்லாத படுக்கையறையையும் அது பகல் முழுவதும் 20 டிகிரியில் காத்துக்கொண்டிருக்கும்.

ஸ்மார்ட் வால்வு என்று விற்கப்படுவது பெரும்பாலும் வால்வே அல்ல, வால்வின் மேல் உட்காரும் தலைப்பகுதி மட்டுமே. நீர் ஓடும் உலோக உடல் அப்படியே இருப்பதால், பழைய குமிழைக் கழற்றிப் புதியதைப் பொருத்தும்போது ஒரு சொட்டு நீர்கூட வெளியேறாது. பல வால்வுகளில் இந்த இணைப்பு 30 மில்லிமீட்டர் விட்டமுள்ள திருகு வளையமாக இருக்கிறது. வேறு வகை இணைப்புகளுக்கு இடைத்துண்டுகள் உண்டு. புதிய தலைக்குள் இரண்டு பென்சில் பேட்டரிகள், ஒரு குட்டி மோட்டார், அதன் வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டும் பற்சக்கரங்கள், ஊசியைத் தள்ளும் ஒரு திருகுத் தண்டு, வெப்ப உணரி, நுண்கட்டுப்படுத்தி என்னும் கணக்குப் போடும் சில்லு, வானொலி அலைகளில் பேசும் ஓர் உறுப்பு ஆகியவை அடங்கியிருக்கின்றன. பொருத்தி முடித்ததும் மோட்டார் முனகும் ஒலி சிறிது நேரம் கேட்கும். ஊசி எந்த இடத்தில் தட்டுப்படுகிறது, எந்த இடத்தில் முழுவதும் மூடுகிறது என்பதைத் தள்ளிப் பார்த்து அது தெரிந்துகொள்ளும் நேரம் அது. ஊசியின் முழுப் பயணமே சில மில்லிமீட்டர்தான் என்பதால், இந்த அளவெடுப்பில் பிழை நேர்ந்தால் பிறகு எதுவும் சரியாக நடக்காது.

இரண்டு பென்சில் பேட்டரிகளைக் கொண்டு ஓராண்டு, இரண்டாண்டு ஓட்டுவது எப்படி என்று கேட்கலாம். திருகுத் தண்டின் தன்மைதான் இதற்கு உதவுகிறது. சுவரில் முடுக்கிய திருகு தானாகப் பின்னோக்கிச் சுழன்று வெளியே வருவதில்லை அல்லவா. அதுபோல, சுருள்வில் எவ்வளவு எதிர்த்துத் தள்ளினாலும் தண்டு நின்ற இடத்திலேயே நிற்கும். ஆகவே ஊசியை ஒரு நிலையில் பிடித்துவைக்க மின்சாரம் செலவாவதில்லை, நகர்த்தும் சில நொடிகளுக்கு மட்டுமே செலவாகிறது. மற்ற நேரங்களில் சில்லு உறங்கிக்கொண்டிருந்து, இடையிடையே விழித்து வெப்பநிலையைப் பார்த்து, செய்தி ஏதும் உண்டா என்று கேட்டுவிட்டு மறுபடி உறங்குகிறது. வைஃபை இணைப்புக்கு அதிக மின்சக்தி தேவைப்படுவதால், பல கருவிகள் ஜிக்பீ, இசட்-வேவ், திரெட் போன்ற சிக்கனமான அலைவரிசை முறைகளில் பேசி, வீட்டில் வைத்திருக்கும் ஒரு மையக் கருவியின் வழியாக இணையத்தை அடைகின்றன.

இனி, அந்தச் சில்லு என்ன கணக்குப் போடுகிறது என்று பார்ப்போம். மெழுகுக் குமிழ் விகிதத்தின்படி இயங்குவது. இலக்குக்கும் அறைக்கும் இடையிலான வேறுபாடு குறையக் குறைய அது துளையையும் குறைத்துக்கொண்டே வருகிறது. வெப்பம் தொடர்ந்து வெளியே கசியும் அறையில் துளை சற்றேனும் திறந்திருந்தாக வேண்டும் என்பதால், இலக்குக்கும் நிலைத்த வெப்பநிலைக்கும் இடையே ஒரு சிறு விலகல் எப்போதும் எஞ்சும். சில்லோ அந்த விலகல் எவ்வளவு நேரமாக நீடிக்கிறது என்பதையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு, அதற்கேற்ப வால்வை இன்னும் கொஞ்சம் திறந்து விலகலைத் துடைத்துவிடுகிறது. அறை மெதுவாக அசையும் அமைப்பு என்பதும் கணக்கில் வர வேண்டும். வால்வை மூடிய பிறகும் ரேடியேட்டரின் உலோகமும் அதிலுள்ள நீரும் வெப்பத்தை விட்டுக்கொண்டே இருப்பதால், இலக்கைத் தொட்ட பின் மூடினால் அறை அளவுக்கு மீறிச் சூடாகிவிடும். அறை எத்தனை நிமிடத்தில் எவ்வளவு ஏறுகிறது என்பதைச் சில நாட்கள் கவனித்து, முன்கூட்டியே மூடவும், காலை ஏழு மணிக்கு 20 டிகிரி வேண்டுமென்றால் எப்போது திறக்கத் தொடங்க வேண்டும் என்று முடிவு செய்யவும் பல கருவிகள் கற்றுக்கொள்கின்றன.

வால்வைப் பாதி திறந்தால் பாதி வெப்பம் வரும் என்று எண்ணுவது இயல்பு. அது தவறு என்பதைக் காட்ட ஓர் எளிய கணக்கு போதும். 75 டிகிரியில் நீர் நுழைந்து 65 டிகிரியில் வெளியேறும் ரேடியேட்டர் ஒன்று 20 டிகிரி அறையில் இருக்கிறது என்று கொள்வோம். நீரோட்டத்தைப் பாதியாக்கினால், ரேடியேட்டருக்குள் நீர் இருமடங்கு நேரம் தங்கி, வெளியேறும்போது 57 டிகிரி அளவுக்குக் குளிர்ந்துவிடுகிறது. ஒவ்வொரு லிட்டரும் முன்னைவிட அதிக வெப்பத்தை இறக்கிவைத்துச் செல்வதால், மொத்த வெப்பம் பத்தில் ஒரு பங்கு அளவே குறைகிறது. நீரோட்டத்தைப் பத்தில் ஒரு பங்காக்கினாலும் முழு வெப்பத்தில் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் கிடைத்துவிடும். அதாவது ஊசியின் பயணத்தில் கடைசியாக மூடும் அந்தச் சிறு பகுதியில்தான் கட்டுப்பாடு முழுவதும் அடங்கியிருக்கிறது. மோட்டாருக்கு நுண்ணிய அடிகளில் நகரத் தெரிய வேண்டும் என்பதும், முழுதாகத் திறப்பது முழுதாக மூடுவது என்று மாறிமாறிச் செய்யும் மலிவான தலைகளில் அறை ஊசலாடுவதும் இதனால்தான்.

உணரி இருக்கும் இடம் இன்னொரு தொல்லை. அது சூடான குழாய்க்கு மிக அருகில் உட்கார்ந்திருக்கிறது. மேலே திரைச்சீலை தொங்கினால் அந்தச் சூடு அங்கேயே தேங்கும். அறையில் உள்ளவர் நடுங்கிக்கொண்டிருக்க, இலக்கு எட்டப்பட்டது என்று வால்வு மூடிக்கொள்ளும். தலைக்குள் இரண்டு உணரிகளை வைத்து ஒன்றின் உதவியால் மற்றொன்றைத் திருத்துவது ஒரு வழி. அறையின் எதிர்ப்புறச் சுவரில் தனி உணரி ஒன்றை வைத்து அதன் சொல்லைக் கேட்கச் செய்வது அதைவிட நம்பகமான வழி. வெப்பநிலை சட்டென்று சரிந்தால் சன்னல் திறந்திருக்கிறது என்று ஊகித்துச் சிறிது நேரம் மூடிக்கொள்ளும் வசதியும் இதே உணரியைத்தான் நம்பியிருக்கிறது; அதனால் அது சில சமயம் ஏமாறுவதும் உண்டு.

சேமிப்பு எங்கிருந்து வருகிறது? வீட்டிலிருந்து வெளியேறும் வெப்பம், உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டுக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. உள்ளே 20, வெளியே 5 என்றால் வேறுபாடு 15; உள்ளே ஒரு டிகிரி குறைத்தால் இழப்பு பதினைந்தில் ஒரு பங்கு, ஏறத்தாழ 7 விழுக்காடு, குறையும். வீட்டைக் குளிரவிட்டு மறுபடி சூடாக்குவதற்குத்தான் அதிகம் செலவாகும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஆனால் குளிர்ந்திருந்த நேரம் முழுவதும் இழப்பு குறைவாகவே இருந்திருக்கும் என்பதால், எரிபொருளை எரித்து நீரைச் சூடாக்கும் சாதாரண பாய்லர் உள்ள வீட்டில் அந்த நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை. அதே வேளையில், ஓர் அறையை மட்டும் மூடினால் அதன் பங்கு முழுவதும் மிச்சமாகிவிடும் என்பதும் மிகைதான். உட்சுவர்கள் வழியாகப் பக்கத்து அறைகளின் வெப்பம் அந்த அறைக்குள் கசிந்துகொண்டே இருக்கும். மேலும், 20 டிகிரியில் 50 விழுக்காடு ஈரப்பதமுள்ள காற்று 9 டிகிரி அளவுள்ள பரப்பைத் தொட்டால் நீராகப் படியும்; அளவுக்கு மீறிக் குளிரவிட்ட அறையின் மூலைகளில் பூஞ்சை பிடிப்பது இப்படித்தான்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டும் என்பார்கள். இங்கே நிலைமை தலைகீழாகவும் இருக்கலாம். வால்வு தானாக வெப்பத்தை உண்டாக்குவதில்லை, வந்த வெப்பத்தை விடுவதும் தடுப்பதும் மட்டுமே அதன் வேலை. கூடத்தின் வெப்பநிலையைப் பார்த்துப் பாய்லரை இயக்கி நிறுத்தும் ஒரே தெர்மோஸ்டாட் அதை நிறுத்திவிட்டால், படுக்கையறை வால்வு வாய் பிளந்து காத்திருந்தாலும் குளிர்ந்த நீர்தான் வரும். ஏதேனும் ஓர் அறை வெப்பம் கேட்டால் பாய்லரை இயக்கி, யாரும் கேட்காதபோது நிறுத்தும் இணைப்பு இருந்தால்தான் அறைவாரிக் கட்டுப்பாடு என்ற பெயர் பொருந்தும். தலைகளை மட்டும் வாங்கி மாட்டிவிட்டு இந்த இணைப்பை விட்டுவிடுவதே பலர் செய்யும் தவறு என்று எனக்குத் தோன்றுகிறது. தெர்மோஸ்டாட் இருக்கும் அதே அறையில் ஸ்மார்ட் தலையைப் பொருத்துவதும் கூடாது. ஒன்று மூட, மற்றொன்று வெப்பம் போதவில்லை என்று பாய்லரை ஓட்டிக்கொண்டேயிருக்கும். எல்லா வால்வுகளும் ஒரே நேரத்தில் மூடினால் பம்பு நீரைத் தள்ள இடமின்றித் திணறும் என்பதற்காக, ஒரு ரேடியேட்டரையோ ஒரு மாற்றுவழிக் குழாயையோ திறந்தே வைப்பது வழக்கம்.

புகையிலுள்ள நீராவியைக் குளிர்வித்து அதன் வெப்பத்தையும் மீட்கும் கண்டென்சிங் பாய்லருக்கு, திரும்பி வரும் நீர் 55 டிகிரிக்குக் கீழே இருப்பது நல்லது. நீரோட்டத்தைக் குறுக்கும் வால்வு திரும்பும் நீரைக் குளிர்விப்பதால் இங்கே அது துணை நிற்கிறது. ஆனால் ஒரே ஓர் அறை மட்டும் கேட்கும்போது, அந்தச் சிறு தேவைக்குப் பெரிய பாய்லர் அடிக்கடி எரிந்து அணைந்து தன் திறனை இழக்கும். வெளியிலுள்ள வெப்பத்தை வீட்டுக்குள் இறைக்கும் ஹீட் பம்ப் உள்ள வீட்டில் கணக்கே மாறிவிடுகிறது. நீரின் சூடு எவ்வளவு குறைவாக இருந்தால் போதுமோ அவ்வளவுக்கு அது சிக்கனமாக ஓடும். பாதி ரேடியேட்டர்களை மூடினால், திறந்திருப்பவை மூடிய அறைகளுக்குக் கசியும் வெப்பத்தையும் சேர்த்துத் தர வேண்டியிருப்பதால் நீரை மேலும் சூடாக்க நேரிட்டு, மிச்சம் பிடித்தது அங்கே போய்விடும். அத்தகைய வீட்டில் வால்வுகளைத் தாராளமாகத் திறந்துவைத்து, வெளி வெப்பநிலைக்கேற்ப நீரின் சூட்டை மாற்றுவதே மேல்.

பராமரிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. கோடை முழுவதும் அசையாமல் இருந்த ஊசி சுண்ணாம்புப் படிவால் இறுகிவிடும் என்பதால், பல தலைகள் வாரத்துக்கு ஒருமுறை வால்வை முழுதாகத் திறந்து மூடிப் பார்க்கின்றன. ஆளில்லாத நேரத்தில் கேட்கும் அந்த முனகலைப் பழுது என்று நினைக்க வேண்டியதில்லை. பேட்டரி தீரப்போவதை உணர்ந்தால், எஞ்சிய சக்தியைக் கொண்டு ஊசியைச் சற்றே திறந்த நிலைக்கு நகர்த்திவிட்டு ஓய்ந்துவிடும் வகைகளும் உண்டு. மூடிய நிலையில் ஓய்ந்தால் குழாய் உறைந்து வெடிக்கலாம். திறந்த நிலையில் ஓய்ந்தால் அறை சற்று அதிகமாகச் சூடாகும், அவ்வளவுதான்.