பழைய கட்டடத்தில் லிஃப்ட் வைக்க முடியாதா? சட்டம் என்ன சொல்கிறது

"பழைய கட்டடம், இதுல லிஃப்ட் எல்லாம் வைக்க முடியாதுங்க" என்ற பதிலை நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் சக்கர நாற்காலியோடு அலைகிறவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது கேட்டிருப்பார்கள். திருவிதாங்கூர் காலத்து ஓட்டுக் கட்டடம் ஒன்றின் மாடியில் இருந்த அலுவலகத்துக்குப் பெரியம்மாவைக் கூட்டிப்போனபோது நானும் கேட்டேன். வாசலில் நாலு கல்படி, உள்ளே செங்குத்தாக மரப்படி. பெரியம்மா அந்தப் படியையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நான் இந்தத் திண்ணையிலேயே இருக்கேன் மக்கா, அவங்களைக் கீழ வரச் சொல்ல முடியுமான்னு கேளு" என்றார். ஒருவர் ஸ்டாம்ப் பேடைக் கையில் பிடித்தபடி இறங்கி வந்து கைநாட்டு வாங்கினார். அன்று அவர் லீவு என்றால் நாங்கள் திரும்பித்தான் போயிருப்போம்.

சரி, சட்டத்துக்கு வருவோம். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 45: இருக்கிற பொதுக் கட்டடங்கள் எல்லாவற்றையும், விதிகள் வந்ததிலிருந்து 5 வருஷத்துக்குள் எல்லோரும் போய்வர ஏற்றதாக்க வேண்டும். விதிகள் வந்தது 2017 ஜூனில், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 'பொதுக் கட்டடம்' என்றால் அரசுக் கட்டடம் மட்டுமில்லை, பொதுமக்கள் வந்துபோகும் தனியார் கட்டடம், வழிபாட்டு இடம், கலாச்சார இடம் எல்லாம் அதில் அடக்கம். பழையது என்பதற்காகத் தனி விலக்கு அந்தப் பிரிவில் கிடையாது. 2024 நவம்பரில் ரஜீவ் ரத்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், கட்டடம் எப்படி இருக்க வேண்டும் என்ற தரங்களை வெறும் பரிந்துரையாக விட்டிருந்த, அந்த 2017 விதிகளின் விதி 15(1) செல்லாது, கட்டாயத் தரங்களை வகுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது.

அப்புறம், லிஃப்ட் என்றதும் சுவரை இடித்து, மொட்டை மாடியில் மெஷின் ரூம் கட்டுவதை நினைக்க வேண்டாம். சாய்தளத்துக்கு 1:12 என்பது கணக்கு. நாலு படி சேர்ந்து 60 செ.மீ. உயரம் என்றால் 7.2 மீட்டர் நீளம் வேண்டும், முன்முற்றமே போய்விடும். அங்கே தரையோடு தரையாகக் கிடந்து, பட்டனை அழுத்தினால் மட்டும் எழும் பிளாட்ஃபார்ம் லிஃப்ட் போதும். மாடிக்கு என்றால் பின்வராந்தா பக்கம் தனித்து நிற்கிற கூண்டு: பழைய சுண்ணாம்புச் சுவரில் பாரம் ஏற்றாமல், ஆழமாகப் பள்ளம் தோண்டாமல், நாளைக்குக் கழற்றி எடுத்தாலும் கட்டடம் முன்பு இருந்தபடியே இருக்கிற மாதிரி. நமக்கு ரெண்டு பருவமழையும் உண்டு, கடற்காற்றும் உண்டு. பள்ளத்தில் தண்ணீர் நிற்காத ஏற்பாடும் துருப்பிடிக்காத இரும்பும் இல்லையென்றால் ரெண்டு வருஷத்தில் லிஃப்ட் காட்சிப்பொருள்தான். தமிழ்நாடு லிஃப்ட் சட்டப்படி உரிமமும் வாங்க வேண்டும்.

பாதுகாக்கப்பட்ட சின்னம் என்றால் கதை வேறு. வட்டக்கோட்டை, சிதறால் போன்றவை மத்திய தொல்லியல் துறையிடம் இருக்கின்றன. சுற்றி 100 மீட்டர் தடைப் பகுதி, அதற்கு அடுத்த 200 மீட்டரில் அனுமதியோடுதான் கட்ட முடியும். வட்டக்கோட்டையில் பீரங்கி ஏற்ற அந்தக் காலத்திலேயே சரிவுப்பாதை போட்டிருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பத்மநாபபுரம் அரண்மனை இன்னும் விசேஷம். 1956-இல் அரண்மனை இருக்கிற கல்குளம் தாலுகா தமிழ்நாட்டுக்கு வந்தாலும் அரண்மனை கேரளத் தொல்லியல் துறையிடமே இருக்கிறது. அதனால் மனு திருவனந்தபுரத்துக்குப் போக வேண்டும், நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்துக்கு அல்ல. அங்கே மாடியில் இருக்கிற மந்திரசாலைக்கு (மன்னரின் ஆலோசனை மண்டபம்) ஏறும் மரப்படியில் லிஃப்ட் வை என்று நானே கேட்க மாட்டேன். கீழ்த்தளம் முழுக்கச் சக்கர நாற்காலி ஓடக் கழற்றக்கூடிய பலகைச் சரிவு, மேல்தளத்தைக் கீழே திரையில் காட்டுவது, இதுதான் நியாயமான கோரிக்கை.

மற்ற அரசு அலுவலகங்களுக்கு முதலில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் எழுதுங்கள். திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்திலும் கொடுக்கலாம். அசையவில்லை என்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். அவர் பரிந்துரை செய்தால், என்ன நடவடிக்கை எடுத்தோம் என்று துறை 3 மாதத்துக்குள் சொல்லியாக வேண்டும். சட்டத்தை மீறினால் முதல் தடவை 10,000 ரூபாய் வரை அபராதம், திரும்பவும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை.

மனுவில் "வசதி செய்து தரவும்" என்று மொட்டையாக எழுதாமல், டேப் வைத்து அளந்து எழுதுங்கள்: படி எத்தனை, ஒவ்வொன்றும் என்ன உயரம், கதவு என்ன அகலம், மாடியில் என்ன சேவை. பெரியம்மா உட்கார்ந்திருந்த திண்ணைப் பக்கத்து வாசலை அளந்தேன், 74 செ.மீ. தேவை 90. லிஃப்டுக்கு முன்னால் அந்த நிலைக்கதவுக்குத்தான் மனு எழுதியிருக்கிறேன்.