சுழலும் பந்தில் ஒரு வெள்ளிப் புள்ளி

வீட்டு மாடியில் கோல்ஃப் சிமுலேட்டர் அமைத்திருக்கும் மார்த்தாண்டம் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "லாஞ்ச் மானிட்டர் (அடித்த பந்தின் வேகத்தையும் திசையையும் அளக்கும் கருவி) கணினியோடு இணைந்துவிட்டதாகக் காட்டுகிறது. ஆனாலும் நேராக அடித்த பந்து திரையில் வளைந்து போகிறது. இணைப்பில் கோளாறா?"

இணைப்பில் கோளாறு என்றால் பந்து திரையில் அசைந்தே இருக்காது. கருவி அனுப்புவது பந்தின் வேகம், மேல்நோக்கிய கோணம், பக்கவாட்டுக் கோணம், சுழற்சி, சுழல் அச்சின் சாய்வு ஆகிய சில எண்கள் அடங்கிய சிறு உரைத்துணுக்கை மட்டுமே. கருவியும் கணினியும் ஒரே வைஃபையில் இருந்து, மென்பொருள் காத்திருக்கும் போர்ட்டை, அதாவது தரவு நுழையும் எண்ணிட்ட வாசலை (ஜிஎஸ்புரோ என்ற சிமுலேட்டர் மென்பொருளுக்கு அது 921), கணினியின் பாதுகாப்பு அரணான ஃபயர்வால் மறிக்காமல் இருந்தால் அது போய்ச் சேர்ந்துவிடும். புவியீர்ப்பு, காற்றுத் தடை, சுழற்சியால் எழுந்து பந்தை வளைக்கும் மேக்னஸ் விசை ஆகியவற்றைக் கணக்கிட்டுப் பாதையை வரைவது மென்பொருளின் வேலை. ஆகவே எண்கள் பிறக்கும் இடத்தைத்தான் பார்க்க வேண்டும்.

ரேடார் வகைக் கருவி பந்துக்குப் பின்னால் இருந்து, பெரும்பாலும் 24 கிகாஹெர்ட்ஸ் அளவிலான நுண்ணலையை அனுப்புகிறது. நகரும் பொருளில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் மாறும் என்ற டாப்ளர் விளைவைப் பள்ளியிலேயே படித்திருப்போம். வினாடிக்கு 70 மீட்டர் வேகத்தில் விலகிச் செல்லும் பந்தில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் 11,200 ஹெர்ட்ஸ் குறைந்திருக்கும். இந்த வேறுபாட்டை ஒலிபெருக்கிக்குக் கொடுத்தால் காதாலேயே கேட்கலாம் என்பது எனக்கு இன்னும் அலுக்காத வியப்பு.

வேகம் இப்படி எளிதில் கிடைத்துவிடும்; சுழற்சி கிடைக்காது. பந்தில் உலோகப் புள்ளி ஒன்றை ஒட்டச் சொல்வது அதற்காகத்தான். நிமிடத்துக்கு 3,000 சுற்று என்ற பின்சுழற்சியோடு பந்து பறப்பதாகக் கொள்வோம். 42.67 மில்லிமீட்டர் விட்டமுள்ள பந்தின் விளிம்பு அப்போது வினாடிக்கு 6.7 மீட்டர் வேகத்தில் சுற்றுகிறது. புள்ளி உச்சியில் இருக்கும்போது கருவிப் பக்கமாகத் திரும்புவதால், அது விலகும் வேகம் 63.3 மீட்டராகக் குறைகிறது. பந்தின் முதுகு வழியே இறங்கி அடிப்பக்கத்தை அடையும்போது 76.7 மீட்டராகக் கூடுகிறது. எனவே அதன் சுருதி ஏறக்குறைய 10,100 ஹெர்ட்ஸில் தொடங்கி 12,300 வரை வழுக்கிக்கொண்டே ஏறி, முன்பக்கம் மறைந்து, மறுபடியும் உச்சியில் தோன்றுகிறது. ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே 20 மில்லிவினாடி. அந்த இடைவெளியே சுழற்சியின் அளவு.

திரை 3 மீட்டர் தொலைவில் இருந்தால் பந்து 43 மில்லிவினாடியில் அதை மோதிவிடும். கருவிக்குக் கிடைப்பது இரண்டே ஏற்றங்கள். புள்ளியும் இல்லையென்றால் பல கருவிகள் சுழற்சியையும் அச்சின் சாய்வையும் ஊகமாகவே தருகின்றன.

வாசகர் முதலில் பந்து எப்படிப் புறப்படுகிறது என்று கவனிக்கட்டும். புறப்படும்போதே விலகினால் கருவி இலக்கை நோக்கிச் சரியாக வைக்கப்படவில்லை. 2 பாகைப் பிழை 200 மீட்டரில் 7 மீட்டராகிவிடும். நேராகப் புறப்பட்டுப் பிறகு வளைந்தால், புள்ளியையும் திரை வரையிலான தொலைவையும் சரிபார்க்க வேண்டும். கூரை மின்விசிறியும் ரேடாருக்கு ஓர் இலக்குதான்: நிமிடத்துக்கு 350 சுற்றில் அதன் இறக்கை நுனி வினாடிக்கு 22 மீட்டர் வேகத்தில் பாய்கிறது, ஏறத்தாழ குறுகிய தொலைவுக்கு மெல்லத் தட்டும் ஒரு சிப் ஷாட்டில் பந்தின் வேகம். அடிக்கும்போது அதை நிறுத்திவிட்டு, புழுக்கம் தாங்காவிட்டால் மேசை விசிறியைக் கருவிக்குப் பின்னால், அலை படாத இடத்தில் வைத்துக்கொள்ளலாம்.