எஞ்சுகடற்காகம்: ஒரு பறவைப் பெயரின் பொருள்

ஆங்கிலத்தில் ‘ரெலிக்ட் கல்’ (relict gull) எனப்படும் கடற்பறவையின் அறிவியல் பெயர் இக்தியேட்டஸ் ரெலிக்டஸ். முதற்சொல் கிரேக்கத்தில் மீனையும் கழுகையும் குறிக்கும் சொற்களின் சேர்க்கை. ‘ரெலிக்டஸ்’ இலத்தீனில் ‘விட்டுச்செல்லப்பட்டது’ எனப் பொருள்படும்.

1929இல் உள் மங்கோலியாவில் கிடைத்த பறவையைக் கொண்டு, 1931இல் சுவீடன் விலங்கியலாளர் ஐனார் லொன்பெரி இப்பெயரைச் சூட்டினார். ஆயினும் அவர் இதை மத்தியதரைக் கடற்காகத்தின் துணையினமாகவே கொண்டார். பின்னர் வந்தோர் சிலர் பழுப்புத்தலைக் கடற்காகமும் பெரிய கருந்தலைக் கடற்காகமும் (இவ்விரண்டும் பனிக்காலத்தில் நம் கோடியக்கரைக்கு வருபவை) கலந்து பிறந்த கலப்புயிர் என எண்ணினர். கசகசுத்தானின் அலாகோல் ஏரியில் இதன் கூட்டங்கள் கூடு கட்டுவது தெரியவந்த பிறகு, 1971இல் கசகசுத்தான் விலங்கியலாளர் அவுயேசொவ் இது தனி இனமே என்று நிறுவினார்.

ஆங்கிலத்தின் ‘கல்’ (gull) என்பதற்குத் தமிழில் கடற்காகம் என்ற சொல் வழக்கில் உள்ளது. ஆலா (tern) வேறு பறவை. அடைமொழியில்தான் சிக்கல். அகராதிப்படி ‘எச்சக் கடற்காகம்’ பிழையன்று. ‘எச்சத்தாற் காணப்படும்’ என்ற குறளிலும் எச்சம் என்பது ஒருவர் விட்டுச்செல்வதே. ஆனால் பறவையோடு சேர்த்துச் சொன்னால், கேட்பவர் மனத்தில் முதலில் தோன்றுவது அதன் கழிவுதான். இவ்வளவு அரிய உயிருக்கு அப்பெயர் வேண்டாம். அதே வேரிலிருந்து ‘எஞ்சுகடற்காகம்’ என்று வழங்கலாம். வினைத்தொகையாதலால் எஞ்சிய, எஞ்சுகின்ற, எஞ்சும் என முக்காலமும் அதனுள் அடங்கும். அழிவாய்ப்பு இனமாகப் பட்டியலிடப்பட்ட பறவைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

இனப்பெருக்கக் காலத்தில் தலை முழுதும் கறுத்து, அலகின் அடியில் மட்டும் பழுப்பு படர்ந்திருக்கும். கண்ணுக்கு மேலும் கீழும் சுண்ணாம்பால் தீட்டியதுபோலத் தடித்த வெண்பிறைகள் உண்டு. அலகும் கால்களும் அடர்சிவப்பு. வளர்ந்த பழுப்புத்தலைக் கடற்காகத்தின் கண் வெளிறியிருக்க, இதன் கண் கருமையானது.

உப்பேரிகளின் நடுவிலுள்ள தீவுகளில் மட்டுமே இது கூட்டமாக முட்டையிடுகிறது. நீர் வற்றினால் தீவு கரையோடு சேர்ந்து ஊனுண்ணி விலங்குகளுக்கு வழி திறக்கிறது. நீர் ஏறினாலோ கூடுகள் மூழ்குகின்றன. சீனாவின் ஓர்டோசு மேட்டுநிலத்தில் ஏரி வற்றியதால் ஒரு பெருங்கூட்டம் ஷான்சி (Shaanxi) மாநிலத்தின் ஹொங்ஜியன்நாவ் ஏரிக்குக் குடிபெயர்ந்தது. பின்னர் அந்த ஏரியும் சுருங்கத் தொடங்கியது. பனிக்காலத்திலோ இவ்வினத்தின் பெரும்பகுதி வட சீனாவின் போகாய் வளைகுடாவின் சேற்றுச் சமவெளிகளையே நம்பியிருக்கிறது. அங்கே கடலைத் தூர்த்து நிலமாக்கும் பணிகளால் அச்சேற்றுவெளியும் குறைந்துவிட்டது.