செயலி மாறினாலும் எண் மாறாது

‘ஆத்தென்டிகேட்டர் செயலியை மாற்றலாம் என்று இருக்கிறேன். புதுச் செயலியில் வரும் எண்ணைத் தளங்கள் ஏற்றுக்கொள்ளுமா? ஃபோனில் நெட்டே இல்லாதபோதும் எண் வருகிறதே, அது எப்படி?’ என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். தளங்களில் நுழையும்போது கடவுச்சொல்லோடு சேர்த்துக் கேட்கும் ஆறு இலக்க எண்ணைக் காட்டுவதுதான் இந்த ஆத்தென்டிகேட்டர் செயலி. இரண்டாவது கேள்விக்கு விடை தெரிந்தால் முதல் கேள்வி தானாகவே அவிழ்ந்துவிடும்.

கூகுள் ஆத்தென்டிகேட்டர், ஏஜிஸ், என்டே ஆத் என்று பெயர்கள் பல. ஆனால் ஆறு இலக்க எண்ணுக்காக எல்லாமே ஒரே கணக்கைத்தான் போடுகின்றன. அது யாருடைய தொழில் ரகசியமும் அல்ல. 2005-இல் ஆர்எஃப்சி 4226 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாகவும், நேரத்தையும் சேர்த்து 2011-இல் ஆர்எஃப்சி 6238 ஆகவும் வெளிவந்து, யார் வேண்டுமானாலும் படிக்கும்படி கிடக்கிறது. கணக்கை ஊருக்கே சொல்லிவிட்டு, சாவியை மட்டும் மறைத்து வைப்பதுதான் நல்ல பாதுகாப்பு. கணக்கையே மறைக்கும் நிறுவனங்களை நான் நம்புவதில்லை.

அந்தச் சாவி எது? முதல் நாள் நீங்கள் ஸ்கேன் செய்த க்யூஆர் கோடுக்குள் ஒரு ரகசிய எண் இருந்தது. அதில் ஒரு பிரதி தளத்தின் சர்வரில், இன்னொன்று உங்கள் ஃபோனில். இரண்டும் அதன் பிறகு பேசிக்கொள்வதே இல்லை. இரண்டுக்கும் பொதுவாக இருக்கும் இன்னொரு விஷயம் நேரம். 1970 ஜனவரி 1-இல் இருந்து ஓடிய நொடிகளை (170 கோடியைத் தாண்டிவிட்டது) 30-ஆல் வகுத்து, மீதியைத் தள்ளிவிட்டால் வருவதுதான் இப்போதைய ‘படி எண்’. அரை நிமிடத்துக்கு ஒரு முறை அது ஒன்று கூடும். ரகசிய எண்ணையும் படி எண்ணையும் எச்மேக் என்ற கணக்கில் போட்டுக் கலக்கினால், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரையிலான 20 எண்கள் வெளியே விழும். அவற்றை வைத்து ரகசியத்தைப் பின்னோக்கிக் கண்டுபிடிக்க நடைமுறையில் வழியில்லை.

சரி, 20 எண்கள் கைக்கு வந்தாயிற்று. இதை ஆறு இலக்கமாகச் சுருக்க வேண்டும். முதல் சில எண்களை வெட்டி எடுத்தால் முடிந்ததே என்று தோன்றும். இதை வகுத்தவர்கள் அப்படிச் செய்யவில்லை. எங்கே வெட்டுவது என்பதையும் அந்த எண்களிடமே கேட்கிறார்கள்! ஆர்எஃப்சி 4226 தரும் உதாரணத்தையே பார்ப்போம்:

31, 134, 152, 105, 14, 2, 202, 22, 97, 133, 80, 239, 127, 25, 218, 142, 148, 91, 85, 90

கடைசி எண் 90. அதை 16-ஆல் வகுத்தால் மீதி 10. சுழியத்தில் இருந்து எண்ணிக்கொண்டு பத்தாம் இடத்துக்குப் போனால் 80. அங்கிருந்து நான்கு எண்கள்: 80, 239, 127, 25. இவற்றை 256-இன் அடுக்குகளாக வைத்து ஒரே எண்ணாகக் கோத்தால் (80×256×256×256 + 239×256×256 + 127×256 + 25) 1,35,78,72,921. இதன் கடைசி ஆறு இலக்கம் 872921. திரையில் வருவது இதுதான்.

பதினாறால் வகுத்த மீதி அதிகபட்சம் 15. அங்கிருந்து நான்கு எண்கள் எடுத்தால் 18-ஆம் இடத்தோடு முடியும். வழிகாட்டும் கடைசி எண் இருப்பது 19-ஆம் இடத்தில். ஆக, வழி சொல்லும் எண் ஒருநாளும் விடைக்குள் வராது, இருபதைத் தாண்டி ஓடும் பேச்சும் இல்லை. கச்சிதம் என்றால் இதுதான். நான்கில் முதல் எண் 128 அல்லது அதற்கு மேல் இருந்தால் 128-ஐக் கழித்துவிட வேண்டும் என்று ஒரு குட்டி விதியும் உண்டு. சில கணினி மொழிகள் அவ்வளவு பெரிய எண்ணைக் மைனஸ் எண்ணாக எடுத்துக்கொள்ளும். அந்தக் குழப்பமே வராமல் இருக்கத்தான் இது. இந்த விதியால் இன்னொரு வேடிக்கை: 483647 வரையிலான எண்கள் மற்றவற்றைவிடத் துளி அதிகமாக வரும், 2,147 முறைக்கு 2,148 முறை என்ற அளவில். திருடனுக்கு இதனால் ஒரு லாபமும் இல்லை. நான்கைந்து தவறுக்குள் கதவைச் சாத்திவிடும் தளத்தில் பத்து லட்சத்தில் ஒன்றை ஊகிப்பது நடக்கிற காரியமா?

இப்போது செயலி மாற்றும் விஷயம். ரகசிய எண் புதுச் செயலிக்குப் போய்விட்டால் போதும். பழையதும் புதியதும் ஒரே நேரத்தில் ஒரே எண்ணைக் காட்டும்; எது காட்டியது என்று தளத்துக்குத் தெரியவே தெரியாது. ஏஜிஸும் என்டே ஆத்தும் ரகசியங்களைக் கோப்பாகவே வெளியே தரும். கூகுள் ஆத்தென்டிகேட்டர் க்யூஆர் கோடாகத் தரும். வெளியே தராத செயலிகளும் இருக்கின்றன. உங்கள் சாவியை உங்களிடமே தராத செயலியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. மாட்டிக்கொண்டவர்கள் ஒவ்வொரு தளமாக நுழைந்து, இரட்டைச் சரிபார்ப்பைப் புதிதாக அமைக்க வேண்டியதுதான். அப்போது புது ரகசியம் பிறக்கும். வழக்கமாகப் பழையது செல்லாமல் போகும். ‘நீங்கள்தானா?’ என்று கேட்டுப் பொத்தானை அழுத்தச் சொல்லும் வகைக்கு இந்தக் கணக்கே பொருந்தாது. அது அந்தந்த நிறுவனத்தின் செயலியோடு கட்டிப்போட்டது.

செயலியை நீக்கினால் சரிபார்ப்பும் நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். சர்வரில் இருக்கும் பிரதி அங்கேயேதான் இருக்கும். எண் கேட்கும்போது கையில் ஒன்றும் இருக்காது. அதனால் புதுச் செயலியின் எண்ணை வைத்து ஒவ்வொரு தளத்திலும் ஒருமுறை நுழைந்து பார்த்துவிட்டு, அப்புறம் பழையதை நீக்குங்கள். செயலி கைவிட்டால் உள்ளே நுழையத் தளங்கள் தரும் பேக்கப் கோடுகளைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். புது ஃபோனில் எல்லா எண்ணும் தவறு என்று வந்தால் செயலியைத் திட்டுவதற்கு முன் கடிகாரத்தைப் பாருங்கள்: நேரம் ஒரு நிமிடம் பிசகினாலே படி எண் இரண்டு தள்ளிப்போகும், பெரும்பாலான சர்வர்கள் ஒரு படி வரைதான் பொறுத்துக்கொள்ளும். வெளியே எடுத்த கோப்பையும் க்யூஆர் கோடின் ஸ்கிரீன்ஷாட்டையும் வேலை முடிந்த கையோடு அழித்துவிடுங்கள். அவை யார் கைக்குப் போனாலும் உங்கள் ஃபோன் இல்லாமலேயே அதே எண்கள் அவர்களுக்கும் வரும்.