போலிச் சரக்கு கையில் கிடைத்ததும் நோட்டீஸ் அனுப்பிவிடாதீர்கள்

தங்கள் பொருளுக்குப் போலி வந்துவிட்டதென்று என்னிடம் வரும் வணிகர்களில் பலர், உட்காருவதற்கு முன்பே வக்கீல் நோட்டீஸைப் பற்றித்தான் பேசுகிறார்கள். பல ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த நற்பெயரை வேறொருவர் விற்றுக் காசாக்கும்போது எழும் கோபம் நியாயமானதே. ஆனாலும் நோட்டீஸைச் சற்றுத் தள்ளிவைக்கச் சொல்வேன். அது போய்ச் சேர்ந்த அன்றே கிடங்கு காலியாகி, கணக்கேடுகளும் மறைந்துவிட்டால், நீதிமன்றத்தில் காட்ட நம்மிடம் எதுவும் மிஞ்சாது.

முதல் வேலை, போலிப் பொருளைப் பில்லோடு விலைக்கு வாங்கி, பிரிக்காமல், தேதி குறித்துப் பத்திரப்படுத்துவது. இணையத்தில் விற்பனையானால், தளத்தில் புகார் செய்வதற்கு முன்பே பக்கத்தைப் படமெடுத்து வைக்க வேண்டும். நான் நடத்திய ஒரு வழக்கில், வெவ்வேறு கடைகளில் வாங்கிய ஆறு பெட்டிகளிலும் ஒரே பேட்ச் எண் இருந்தது. உற்பத்தியாளரின் பதிவேட்டிலோ அந்த எண்ணுக்குரிய சரக்கு வெகுநாள் முன்பே விற்றுத் தீர்ந்திருந்தது. என் வாதம் முழுவதையும்விட அந்த ஒரு எண்ணே வலுவாகப் பேசியது. சில நேரம் நேர்மாறாகவும் நடக்கும்: போலி என்று நினைத்த பொருள், வேறு சந்தைக்கு அனுப்பப்பட்டுத் திசைமாறி வந்த அசலாக இருக்கும். அதற்கான சட்டம் வேறு.

வணிகக் குறியின் (டிரேட்மார்க்) பதிவு நாட்டுக்கு நாடு தனித்தனியானது. ஒரு நாட்டில் பதிந்த குறி இன்னொரு நாட்டில் தானாகக் காவல் நிற்காது. பதியாதவர்களும் மனம் தளர வேண்டியதில்லை. ஆங்கிலேய பொதுச் சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகளில், தன் சரக்கைப் பிறருடையதாகக் காட்டி விற்பவர் மீது, நற்பெயர், ஏமாற்று, இழப்பு ஆகிய மூன்றையும் நிறுவி வழக்குத் தொடரலாம். லேபிளில் உள்ள ஓவியத்துக்குப் பதிப்புரிமையும் துணை நிற்கலாம்.

1995 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள, உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தமான டிரிப்ஸ், இவ்விஷயத்தில் உறுப்பு நாடுகள் தர வேண்டிய குறைந்தபட்சப் பாதுகாப்பை வகுக்கிறது. சான்று அழிக்கப்படும் அபாயம் இருந்தால் எதிர்த்தரப்பைக் கேளாமலேயே இடைக்கால உத்தரவு பிறப்பிக்க நீதிமன்றங்களுக்கு அதிகாரம் வேண்டும் என்கிறது அதன் 50ஆம் பிரிவு. நோட்டீஸுக்கு முன் நீதிமன்றம் செல்லுங்கள் என்று நான் வற்புறுத்துவதும் இதனால்தான். அதற்கு நீதிமன்றம் உங்களைப் பிணைத்தொகை கட்டச் சொல்லலாம், குற்றச்சாட்டு தவறானால் நஷ்டஈடும் தர நேரிடும் என்பதால், சந்தேகத்தை வைத்து இந்த வழியில் இறங்கக் கூடாது. வேண்டுமென்றே வணிக அளவில் குறியைப் போலி செய்தால், 61ஆம் பிரிவின்படி குற்றவியல் நடவடிக்கைக்கும் இடம் இருக்க வேண்டும்.

பலரும் மறந்துவிடும் வழி சுங்கத்துறை. போலிக் குறியோடு இறக்குமதியாகும் சரக்கை நிறுத்திவைக்க உரிமையாளர் மனுச் செய்யலாம். ஆனால் பொதுவாக 10 வேலை நாட்களுக்குள் வழக்குத் தொடங்காவிட்டால் சரக்கு விடுவிக்கப்படும். தக்க காரணமிருந்தால் மேலும் 10 வேலை நாள் கிடைக்கலாம். ஆவணங்களை அதற்குப் பிறகு தேடத் தொடங்கினால் காலம் போதாது.

உத்தரவு கிடைத்ததும், பிடிபட்ட சரக்கை அழிக்கும்படி கேளுங்கள். லேபிளை மட்டும் கிழித்துவிட்டுச் சரக்கைத் திருப்பித் தருவது, விதிவிலக்கான சூழல்கள் தவிர, போதாது என்று டிரிப்ஸின் 46ஆம் பிரிவே சொல்கிறது. கூடவே, அந்தச் சரக்கை யார் செய்தார், யார் வழியாக வந்தது என்று தெரிவிக்க உத்தரவிடும் அதிகாரம் உங்கள் நாட்டு நீதிமன்றத்துக்கு இருந்தால் அதையும் மனுவிலேயே கேட்டுவிடுங்கள். பிடிபடுபவர் பெரும்பாலும் கடைசிக் கண்ணியான சில்லறை விற்பனையாளர்தான், அச்சு எந்திரம் வேறெங்கோ ஓடிக்கொண்டிருக்கும்.