வழியறிதல்: ‘வேஃபைண்டிங்’ என்பதற்கு ஏற்ற தமிழ்

புறநகர்ப் பகுதி ஒன்றுக்குத் திசைப் பலகைகளையும் பொது அடையாளத்தையும் திட்டமிடும் அறிக்கை எதைப் புரட்டினாலும் ‘வேஃபைண்டிங்’ என்ற சொல் வந்துவிடும். தமிழில் அதை ‘வழிகாட்டிப் பலகைகள்’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அப்படி எழுதும்போது சொல்லின் உயிர்ப்பகுதியே விடுபட்டுப்போகிறது.

‘வே’ என்றால் வழி, ‘ஃபைண்டிங்’ என்றால் கண்டறிதல். இரண்டும் பழைய ஆங்கிலத்திலேயே வேர்கொண்டவை. கண்டறிகிறவர் யார் என்பதுதான் இங்கே முக்கியம். நடந்தோ வண்டியிலோ வருகிற மனிதரே கண்டறிகிறார்; பலகை அவருக்குத் துணை மட்டுமே. விண்மீன்களையும் அலைகளின் போக்கையும் பார்த்துத் தீவுகளை அடைந்த பசிபிக் கடலோடிகளின் கலைக்கும் இதே சொல்தான் வழங்குகிறது. 1976-இல் மாவ் பியாய்லுக் என்ற கடலோடி, ‘ஹோகுலேயா’ என்ற படகை ஹவாயிலிருந்து தாஹிட்டி வரை கருவிகளின் உதவியின்றிச் செலுத்திச் சென்றார். ஒரு பலகைகூட இல்லாத வழியறிதல் அது.

நகரத் திட்டமிடலில் இந்தச் சொல் நிலைபெறக் காரணமானவர் அமெரிக்க நகரத் திட்ட அறிஞர் கெவின் லிஞ்ச். பாஸ்டன், ஜெர்சி சிட்டி, லாஸ் ஏஞ்சலஸ் ஆகிய மூன்று நகரங்களை மக்கள் தம் மனத்தில் எப்படிப் பதித்துவைத்திருக்கிறார்கள் என்று ஆராய்ந்து, 1960-இல் நூலாக வெளியிட்டார். பாதை, விளிம்பு, வட்டாரம், சந்திப்பு, அடையாளச் சின்னம் என்ற ஐந்தைக்கொண்டே நாம் ஊரை நினைவில் வைத்திருக்கிறோம் என்றார். பின்னர் இத்துறையில் நூல் எழுதிய ரொமேடி பசீனியும் பால் ஆர்தரும் வழியறிதலை முடிவெடுக்கும் செயலாகவே விளக்கினார்கள். எந்த இடத்தில் ஒருவர் ‘இடமா, வலமா’ என்று முடிவெடுக்க வேண்டியிருக்கிறதோ அந்த இடத்துக்குச் சற்று முன்பே செய்தி அவர் கண்ணில் பட வேண்டும். பலகைத் திட்டம் ஒவ்வொன்றும் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பேன்.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘வழிகாட்டல்’ என்றால் காட்டுகிறவர் முன்னுக்கு வந்துவிடுகிறார். ‘வழிசெலுத்தல்’ கப்பலுக்கும் விமானத்துக்கும் உரியதாகிவிட்டது. ‘வழித்தேடல்’ என்பதில் தொலைந்துபோனவரின் தவிப்பு தெரிகிறது. கண்டடைந்த நிறைவு இல்லை. நம்மிடம் ‘ஆற்றுப்படுத்தல்’ என்ற அரிய சொல் உண்டு. ஆறு என்றால் வழி. பரிசிலோ அருளோ பெற்றவர் பெறாதவரை வள்ளலிடமோ இறைவனிடமோ வழிப்படுத்தும் ஆற்றுப்படை நூல்கள் பத்துப்பாட்டில் மட்டும் ஐந்து இருக்கின்றன. எந்த நிலத்தைக் கடக்க வேண்டும், அங்கே யார் இருப்பார்கள், என்ன உணவு கிடைக்கும் என்றெல்லாம் அவை சொல்லிச் செல்கின்றன. ஆனால் அதுவும் காட்டுகிறவரின் செயல்தான். தவிர, இன்று அந்தச் சொல் உளவள ஆலோசனைக்கு வழங்கிவருகிறது. எனவே ‘வழியறிதல்’ என்பதே என் தேர்வு. வழியறி பலகை, வழியறி வரைபடம் என்று வினைத்தொகையாகவும் அது இயல்பாக நிற்கிறது. தனியாக நிற்கும் ஒரு பலகையை வழிகாட்டிப் பலகை என்றே சொல்லலாம். முழு ஏற்பாட்டுக்கு ‘வழியறி அமைப்பு’ என்பதே பொருந்தும்.

புறநகருக்கு இந்த ஏற்பாடு கூடுதலாகத் தேவைப்படுவதற்குக் காரணம், லிஞ்ச் சொன்ன விளிம்பு அங்கே மங்கிப்போவது. ஒரு குடியிருப்பு முடிந்து அடுத்தது தொடங்குவது தெரியாது. தெருக்கள் ஒன்றைப்போல் ஒன்று இருக்கும். அதனால்தான் எல்லையில் நுழைவுப் பலகை, சந்திப்புகளில் திசைப் பலகை, சென்று சேருமிடத்தில் பெயர்ப் பலகை, நடப்பவர்களுக்கு வரைபடப் பலகை என்று படிப்படியாக வைக்கிறார்கள்.

இவை அனைத்தையும் ஒரே குடும்பமாகக் காட்டுவதுதான் ‘பிராண்டிங்’. எரித்தல் என்ற பொருளுள்ள பழைய ஜெர்மானிய வேரிலிருந்து வந்த சொல் இது. மாட்டின் மேலும் மரப்பீப்பாயின் மேலும் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் இட்ட சூட்டுக்குறியைக் குறித்தது. விற்பனைப் பொருளுக்கு ‘வணிகக்குறி’ சரி. ஊர் விற்பனைப் பொருளன்று. அதற்கு ‘ஊரடையாளம்’ என்பதே தகும். படமாக வரும் சின்னத்துக்கு ‘இலச்சினை’ ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. ஒரே எழுத்துரு, ஒரே அம்புக்குறி, ஒரே வண்ணத் தொகுதி என்பவற்றோடு, ஓர் இடத்துக்கு எல்லாப் பலகையிலும் ஒரே பெயர் இருப்பதும் ஊரடையாளத்தில் அடங்கும். இந்தக் கடைசி விஷயத்தைத்தான் பலர் கவனிக்கத் தவறுகிறார்கள்.

அழகுக்கும் வரம்பு உண்டு. அமெரிக்காவின் சாலைக் குறியீட்டுக் கையேடு, ஊர்களின் வழியறி பலகைகளுக்குச் சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு முதலிய வண்ணங்களைப் பின்னணியாக்க அனுமதிப்பதில்லை. அவை எச்சரிக்கை போன்றவற்றுக்கு உரியவை. 30 அடித் தொலைவுக்கு 1 அங்குல எழுத்துயரம் என்பது அதன் அடிப்படைக் கணக்கு. 120 அடியில் படிக்க 4 அங்குலம் வேண்டும். இந்தக் கணக்கைத் தமிழ்ப் பலகைக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. நம் எழுத்துக்கு மேலே புள்ளியும் (‘கி’, ‘கீ’ போன்றவற்றில் வரும்) விசிறியும் உண்டு, கீழே உகரக் கோடுகள் உண்டு. எழுத்தின் உடலுக்கே அந்த உயரத்தைக் கொடுத்து, மேலும் கீழும் தனியாக இடம் விட வேண்டும். முக்கியமாக, புள்ளியைத் தொலைவிலும் தெரியும் அளவுக்குப் பெரிதாக வரைய வேண்டும்.