லேட்டன்சி: தமிழில் ‘சுணக்கம்’

ஒரு முனையில் பேசியது மறுமுனையில் கேட்கும் வரை ஆகும் நேரம்தான் லேட்டன்சி. மில்லி விநாடியில் அளப்பார்கள். மறைந்திருத்தலைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்த சொல். பள்ளி இயற்பியலில் வரும் ‘உள்ளுறை வெப்பம்’ என்பதில் உள்ள ‘உள்ளுறை’யும் அதே வேரின் தமிழாக்கம்தான். ஆனால் இணையப் பேச்சுக்கு அது ஒட்டாது. ‘தாமதம்’ என்றால் குறித்த நேரம் தவறியது போல ஒலிக்கிறது. பழுதே இல்லாத இணைப்பிலும் லேட்டன்சி உண்டு. ‘சுணக்கம்’தான் பொருத்தம். வேலை சுணங்குகிறது என்றால் நின்றுவிடவில்லை, இழுக்கிறது என்று பொருள்.

இதை இணைய வேகத்தோடு குழப்பிக்கொள்வதுதான் பெரிய சிக்கல். மேட்டூரில் எத்தனை கன அடி திறந்தார்கள் என்பது ஒரு கணக்கு, தண்ணீர் கடைமடைக்கு எப்போது வந்தது என்பது வேறு கணக்கு. எம்பிபிஎஸ் என்பது விநாடிக்கு எவ்வளவு தரவு போகும் என்ற முதல் கணக்கு; சுணக்கம் இரண்டாவது. நூறு எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறியும் வீடியோ அழைப்பு இழுப்பது இதனால்தான்.

பேச்சுக்கு ஒருவழிச் சுணக்கம் 150 மில்லி விநாடிக்குள் இருந்தால் உறுத்தாது என்கிறது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை. இசைக்கு அது போதாது. திருவையாற்றில் இருக்கும் ஆசிரியரும் சிங்கப்பூர் மாணவரும் சேர்ந்து தாளம் போட வேண்டுமென்றால், சுமார் 30 மில்லி விநாடியைத் தாண்டினாலே தாளம் இழுக்கத் தொடங்கிவிடும். ஆசிரியர் ஒரு வரி பாட, மாணவர் திருப்பிப் பாடும் முறைக்கு அவ்வளவு கெடுதல் இல்லை.

இத்தனைக்கும் தூரம் மட்டுமே காரணமில்லை. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குச் சுமார் 15 மில்லி விநாடிதான். மிச்சமெல்லாம் வழியில் சேர்வது. ஒலியைத் துண்டு துண்டாக, பொதுவாக 20 மில்லி விநாடி அளவில் வெட்டி அனுப்புவார்கள். துண்டுகள் சீராக வந்து சேராது. இந்த ஏற்ற இறக்கத்துக்கு ஜிட்டர் என்று பெயர். அதைச் சமன்செய்ய, கேட்கும் பக்கம் சிறிது நேரம் சேர்த்துவைத்துத்தான் ஒலிக்கும்.

இணையத்தில் துண்டுகளை அனுப்ப டிசிபி, யுடிபி என்று இரண்டு முறைகள் உண்டு. தொலைந்த துண்டை மறுபடி கேட்டு வாங்கும் டிசிபியை விட, காத்திராத யுடிபி இங்கே நல்லது. பிந்தி வந்த சொல்லால் யாருக்கு என்ன பயன்?

அப்புறம் வீட்டில் செய்யக்கூடியவை. முதலில் புளூடூத் இயர்போனை விட்டு வயர் உள்ளதைப் போடுங்கள். புளூடூத் மட்டுமே பல சமயம் 100 மில்லி விநாடிக்கு மேல் சேர்த்துவிடும். முடிந்தால் வைஃபைக்குப் பதில் கேபிள். வகுப்பு நடக்கும்போது அதே இணைப்பில் யாரும் பெரிய வீடியோவை ஏற்ற வேண்டாம், ரௌட்டரில் வரிசை நீண்டு உங்கள் குரல் அதன் பின்னால் நிற்கும்.